மிளகாய்க்குப் பெயர் கொடுத்த மிளகு

சில வருடங்களுக்கு முன்பு நாகர்கோவில் கோட்டாறு பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் மிளகு வாங்கப் போனேன். ரசத்துக்குத்தான். "அண்ணாச்சி, மிளகு 100 கிராம்" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நல்லமொளகுதானே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கெட்ட மிளகை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? "ஆமா, நல்லதாவே குடுங்க" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. அவர் சிரித்துவிட்டார். "தரத்தைச் சொல்லல சார். வத்தல்மொளகு வேணுமா, நல்லமொளகு வேணுமான்னு கேட்டேன்."

அந்த வட்டாரத்தில் நல்லமிளகு என்பது பெயர். மற்ற ஊர்களில் வெறுமனே மிளகு என்கிறோமே, அந்தக் கருப்பு மணிக்குத்தான் அங்கே 'நல்ல' என்று ஒரு முன்னொட்டு. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போனாலும் இதே கதைதான். மலையாளத்தில் முளகு என்று மட்டும் கேட்டால் கைக்கு மிளகாய் வரும். மிளகு வேண்டுமென்றால் குருமுளகு என்றோ நல்லமுளகு என்றோ சொல்ல வேண்டும். அந்த மலைச்சரிவிலேயே பிறந்து, அந்த மலைக்கே உலகத்தைக் கூட்டிவந்த கொடி அது. அதற்குச் சொந்த ஊரில் அடைமொழி இல்லாமல் பெயர் இல்லை. நேற்று கப்பலில் வந்திறங்கிய ஒரு செடி அதன் பெயரைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறது.

நேற்று என்றால் ஏறத்தாழ 500 வருடம். மிளகின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றுதான்.

கறி, மிரியல், மிளகு

சங்கப் பாடல்களில் மிளகுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. அதிகம் கண்ணில் படுவது கறி. யவனரின் மரக்கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' முசிறி என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. இந்த வரியை முதல்முறை படிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை, யவனர்கள் இவ்வளவு தூரம் கறிக்குழம்புக்காகவா வந்தார்கள் என்று நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதும் 'கருங்கறி'தான்.

அதே பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் வேறு சொல்லை எடுக்கிறார். வணிகச் சாத்தோடு போகும் கழுதைகளின் முதுகில் 'மிரியல்' பொதி இருக்கிறது. பார்க்கப் பலாப்பழம் போலப் புடைத்திருக்கிறதாம். தமிழில் வழக்கொழிந்துவிட்ட இந்த மிரியல், தெலுங்கில் மிரியாலு என்று இன்றும் கடையில் கிடைக்கிறது.

மூன்றாவதுதான் மிளகு. மலைபடுகடாத்தில் 'கருங்கொடி மிளகின் காய்த்துணர்ப் பசுங்கறி' என்று ஓர் அடி. கொடிக்கு மிளகு என்று பெயர். அதில் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும் பச்சை மணிக்குக் கறி என்று பெயர். கவனித்துப் பார்த்தால் 'மிளகின் காய்' என்ற தொடர் அந்த அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் காய் மிளகுக் கொடியின் சொந்தக் காய். பிற்பாடு அந்தப் பெயரில் இன்னொன்று வந்து உட்காரப்போகிறது என்று புலவருக்கு எப்படித் தெரியும்?

வடமொழியில் மிளகுக்கு மரிச. இந்தியின் மிர்ச், மராத்தியின் மிரே எல்லாம் அதன் பிள்ளைகள். மரிசவும் மிரியலும் மிளகும் உறவுச் சொற்கள் என்பது காதில் விழுந்தாலே தெரியும். யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. என் கட்சி எளியது: கங்கைச் சமவெளியில் மிளகு காய்க்காது. சரக்கு தெற்கிலிருந்து போனபோது பெயரும் மூட்டையோடு சேர்ந்தே போயிருக்கும்.

முதலில் பெயர் இழந்தது திப்பிலி

மிளகாய் மிளகின் பெயரை எடுத்துக்கொண்ட கதைக்குள் போவதற்கு முன், மிளகே ஒரு காலத்தில் இன்னொன்றின் பெயரை எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலப் பெப்பர் எங்கிருந்து வந்தது? லத்தீன் பைப்பரிலிருந்து. அது கிரேக்கப் பெப்பெரியிலிருந்து. அதுவோ வடமொழிப் பிப்பலியிலிருந்து. பிப்பலி மிளகு அல்ல. நம் நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அந்தத் திப்பிலி.

கிரேக்கருக்கும் ரோமருக்கும் இரண்டு பொருளும் போய்ச் சேர்ந்தன. இரண்டும் ஒரே இனத்துக் கொடிகள், இரண்டும் உறைக்கும். பெயர் மட்டும் ஒன்று. ரோம எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் விலைப்பட்டியலே தருகிறார்: திப்பிலி ஒரு ராத்தல் 15 தெனாரி (ரோம வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. விலை உயர்ந்த பொருளின் பெயரை மலிவான பொருளுக்கும் வைப்பது வியாபாரத்தில் புதிதல்ல. காலப்போக்கில் திப்பிலி ஐரோப்பியச் சமையலிலிருந்து ஏறக்குறைய மறைந்தேபோனது. அதன் பெயரை மிளகு முழுவதுமாக எடுத்துக்கொண்டது. பிளினிக்கு இதில் ஒரு எரிச்சலும் உண்டு. இனிப்பும் இல்லை, பார்க்க அழகும் இல்லை, உறைப்பு ஒன்றுக்காகவா இந்தியாவரை போய் வாங்குகிறீர்கள் என்று கேட்கிறார். ரோமர்கள் காதில் வாங்கவில்லை. 408ஆம் ஆண்டில் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக், முற்றுகையை விலக்கக் கேட்ட பொருட்களில் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று.

ஐம்பது கப்பல் சரக்கு

இந்த மிளகுக்கு நேரடிக் கடல்வழி தேடித்தான் கொலம்பஸ் 1492இல் மேற்கே கிளம்பினார். போய்ச் சேர்ந்த இடம் கரீபியன் தீவுகள். அங்கே மிளகு இல்லை. தாயினோ மக்கள் சாப்பாட்டில் சேர்த்த சிவப்புக் காய் ஒன்று இருந்தது; அவர்கள் அதை அஹீ என்றார்கள். 1493 ஜனவரி 15ஆம் தேதிக் குறிப்பில் கொலம்பஸ் எழுதுகிறார்: இங்கே அஹீ நிறைய இருக்கிறது, இதுதான் இவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மேலானது, இது இல்லாமல் இங்கே யாரும் சாப்பிடுவதில்லை, ஆண்டுக்கு ஐம்பது கப்பல் ஏற்றலாம்.

மிளகு தேடிப் போனவர் மிளகு இல்லாமல் திரும்பினால் செலவு கொடுத்த ராணி என்ன சொல்வாள்? அதனால் கண்டதை மிளகாக்கிவிட்டார் என்று கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் ஸ்பானியர்கள் ஒரு நுணுக்கம் செய்தார்கள். மிளகு அவர்கள் மொழியில் பிமியெந்தா, பெண்பால். புதிய காய்க்குப் பிமியெந்தோ என்று ஆண்பால் ஈறு கொடுத்தார்கள். ஓர் எழுத்தை மாற்றி இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் அவ்வளவுகூட மெனக்கெடவில்லை, எல்லாமே பெப்பர்.

மெக்சிகோவில் அஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் இதற்குச் சில்லி என்று பெயர். இன்றைய ஆங்கிலச் சில்லி அதுதான். தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டையில் இறங்கினார். 1500இல் பிரேசிலும் போர்ச்சுக்கீசியர் கைக்குள் வரத் தொடங்கியது. கொச்சியிலும், 1510 முதல் கோவாவிலும் அவர்கள் நிலைகொண்டார்கள். ஆக அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்துச் செடி இந்தப் பக்கத்து மிளகுத் துறைமுகங்களுக்கு வர வழி திறந்துவிட்டது. மிளகு வாங்க வந்த கப்பல்களே மிளகாயையும் கொண்டுவந்து இறக்கின. மலையாளத்தில் அதன் பழைய பெயர்கள் இதை ஒளிக்கவே இல்லை: கப்பல்முளகு, பறங்கிமுளகு. வங்காளிகள் இதை லங்கா என்கிறார்கள்; கடல் தாண்டி வந்ததை இலங்கையிலிருந்து வந்ததாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அந்த இலங்கையிலோ மட்டக்களப்புப் பக்கத் தமிழர்கள் கொச்சிக்காய் என்கிறார்கள். சிங்களத்திலும் கொச்சி என்று ஒரு வகை மிளகாய் உண்டு. கொச்சிக்காரர்களைக் கேட்டால் கப்பலைக் காட்டுவார்கள். எல்லாரும் பக்கத்துத் துறைமுகத்தையே கை காட்டியிருக்கிறார்கள்.

காய் என்ற வால்

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். மிளகாய் என்பது மிளகு + காய். பேச்சில் மொளகா. இந்தச் சேர்க்கையில் நடுவிலிருந்த 'கு' எங்கே போனது என்று இலக்கண ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். மிளகுப்பொடி, மிளகுக்கொடி என்றெல்லாம் சொல்லும்போது 'கு' பத்திரமாக இருக்கிறது; காய் சேரும்போது மட்டும் கழன்றுவிட்டது. இதற்கு நல்ல உடன்பிறப்பு ஒன்று தமிழில் உண்டு. தெங்கு + காய், தேங்காய். தெங்கு என்ற சொல் காயோடு சேரும்போது முதல் எழுத்து நீண்டு, கடைசி உயிர்மெய் கெடும் என்று 13ஆம் நூற்றாண்டு நன்னூல் தனிச் சூத்திரமே போட்டிருக்கிறது. அந்தக் கடைசி உயிர்மெய்யும் 'கு'தான். பவணந்தி முனிவர் வாழ்ந்த காலத்தில் தமிழ்நாட்டில் மிளகாய் கிடையாது; இருந்திருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதியிருப்பார்.

ஏன் காய்? மிளகு கைப்பிடியில் அடங்கும் மணி. அதைத் தானியம் போல அளக்கிறோம். புதிதாக வந்தது சதையும் விதையும் உள்ள முழுக் காய். பச்சையாகவே அரிந்து போடலாம். ஆகவே மிளகு போல உறைக்கும் காய். பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, கச்சிதமாகவே வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பெயருக்குள் காய் உறைந்துபோனதால் அது பழுத்த பிறகும் மிளகாய்ப்பழம். காய்ந்த பிறகு மிளகாய் வற்றல், கொங்கு நாட்டில் வரமிளகாய், ஈழத்தில் செத்தல் மிளகாய். செத்தல் என்றால் காய்ந்தது. வேறு ஒன்றும் நினைத்துப் பயப்பட வேண்டாம். ராமநாதபுரத்தில் உருண்டையாக விளைவது குண்டு மிளகாய், முண்டு என்றும் சொல்வார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தெலுங்கில் மிரபகாய, கன்னடத்தில் மெணசினகாயி. இரண்டிலும் அதே உத்தி: மிளகைச் சொல்லி, பின்னால் காயைச் சேர்ப்பது. என் கணக்கில் இந்தக் காய் என்ற வால்தான் மிளகின் மானத்தைக் காப்பாற்றியது. வந்தவருக்கு ஒரு வால் ஒட்டிவிட்டதால் இருந்தவர் தன் பெயரோடு அப்படியே இருந்தார். மலையாளத்தில் வால் ஒட்டவில்லை. அங்கே முன்னால் ஒட்டிய கப்பலும் பறங்கியும் புழக்கத்தில் தேய்ந்து உதிர்ந்தன. மிஞ்சியது வெறும் முளகு. அது யாருடையது என்ற சண்டையில், தினம் மூன்று வேளையும் அம்மியில் ஏறியவர் ஜெயித்தார். தோற்றவர் குரு என்றும் நல்ல என்றும் அடையாளம் சொல்லிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

இந்த 'நல்ல' விஷயத்தைத் தேடத் தொடங்கினால் அது கோட்டாற்றோடு நிற்கவில்லை. துளுவில் முஞ்சி என்றால் மிளகாய். மிளகு எட்டெ முஞ்சி. எட்டெ என்றால் நல்ல. பர்மிய மொழியில் ங்கயோக் மிளகாய். மிளகு ங்கயோக் கௌங். கௌங் என்றாலும் நல்ல என்றே பொருள். சிங்களத்தில் மிரிஸ் மிளகாய்; மிளகு கம்மிரிஸ். கம என்றால் ஊர். நம்மூர் மிரிஸ் என்று வைத்துக்கொள்ளலாம். தாய்லாந்தில் பிரிக் என்றால் மிளகாய். மிளகைக் கேட்க வேண்டுமென்றால் பிரிக் தாய், அதாவது தாய்லாந்து மிளகு என்று சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு செய்ததல்ல இது. பெயர் பறிபோன பிறகு பழையதைக் குறிப்பிட வேண்டிவரும்போது, மனிதர்கள் 'நல்லது' என்றோ 'நம்முடையது' என்றோதான் சொல்கிறார்கள். மிளகின் மேல் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறதோ என்னவோ.

மலாய், இந்தோனேசியப் பக்கம் பெயர் இழந்தது மறுபடியும் திப்பிலி. சபே என்பது முதலில் சாவகத் திப்பிலியின், அதாவது ஜாவாத் தீவுத் திப்பிலியின் பெயர். இன்று இந்தோனேசியாவில் சபே என்றால் மிளகாய். திப்பிலி வேண்டுமென்றால் 'சாவகச் சபே' என்று ஊர் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாவப்பட்ட செடி; ரோமில் மிளகிடம் தோற்றது, சாவகத்தில் மிளகாயிடம் தோற்றது.

தவறான ஊர்ப்பெயர்கள்

ஊர் தெரியாமல் பெயர் வைப்பதில் தாவரவியலாளர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலில் மிளகாய்ச் செடியை அழகாக வரைந்து, அதற்குக் கள்ளிக்கோட்டை மிளகு என்று பெயர் தருகிறார். கொலம்பஸ் பார்த்து ஐம்பதே வருடம். அதற்குள் அமெரிக்கச் செடி இந்தியச் செடியாகிவிட்டது. அதுவும் எந்த ஊரின் மிளகுக்காக இத்தனை கப்பல்கள் ஓடினவோ அதே ஊரின் பெயரில்.

1776இல் யாக்கின் என்பவர் மிளகாயில் ஒரு சிற்றினத்துக்குச் சீனத்துக் காப்சிகம் என்று பெயரிட்டார். அதற்கும் சீனாவுக்கும் சம்பந்தம் இல்லை. அதுவும் அமெரிக்கச் செடிதான். அசாமின் பேய் மிளகாய் பூத் ஜொலோக்கியா இந்தச் 'சீன' வம்சம். அந்த ஜொலோக்கியா என்ற அசாமியச் சொல்லும் ஜாலுக் என்ற மிளகின் பெயரிலிருந்து கிளைத்ததுதான். ஹங்கேரியில் முதலில் துருக்கி மிளகு என்றார்கள்; பிறகு பாப்ரிக்கா. செர்பிய மொழியில் மிளகுக்குள்ள பாப்பர் என்ற பெயரிலிருந்து வந்தது அது. பாப்பர் லத்தீன் பைப்பரிலிருந்து. அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

சீனர்கள் மிளகைப் பிறநாட்டு ஜியாவ் என்றும், மிளகாய் வந்தபோது அதையும் இன்னொரு பிறநாட்டு ஜியாவ் என்றும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அவர்களுடைய சொந்த ஜியாவ், நாக்கை மரத்துப்போகச் செய்யும் வேறொரு மரத்தின் காய்.

நாக்கு தவறு செய்ததா?

செடியாகப் பார்த்தால் மிளகுக்கும் மிளகாய்க்கும் எந்தச் சொந்தமும் இல்லை. மிளகு வெற்றிலையின் குடும்பம். ஓர் இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். மிளகாய் கத்தரி, தக்காளி, சுண்டைக்காய், உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டுக் குடும்பம். மிளகின் உறைப்புக்குக் காரணம் பைப்பரின். மிளகாய்க்குக் காப்சைசின். ஆகவே ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தது அறியாமை என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்வதுண்டு.

ஆனால் உறைப்பு எங்கே நடக்கிறது என்று பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது. நம் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்து 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காப்சைசின் இந்தப் புரதத்தில் போய் ஒட்டி, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இதைக் கண்டறிந்தார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் திறப்பது அதே கதவைத்தான், கொஞ்சம் மெதுவாக. அப்படியென்றால் மிளகாயைக் கடித்துவிட்டு 'இது மிளகு மாதிரி' என்று சொன்ன தாயினோ தீவின் மாலுமியும், கொச்சித் துறைமுகத்துச் சுமை கூலியும், தஞ்சாவூர்ச் சமையற்காரரும் சொன்னது உடலைப் பொறுத்தவரை சரி. அவர்கள் செடிக்குப் பெயர் வைக்கவில்லை, எரிச்சலுக்கு வைத்தார்கள்.

பறவைகளுக்கு அந்தக் கதவு காப்சைசினுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாய்ப்பழத்தைக் கொய்யாப்பழம் போலக் கொறிப்பது அதனால்தான். விதையை மென்று நாசமாக்கும் எலியை விரட்டி, முழுதாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவையை அழைக்கும் ஏற்பாடு அது. எலிக்கு வைத்த வேலியைத்தான் நாம் எண்ணெயில் தாளித்துச் சாப்பிடுகிறோம்.

இந்தப் பெயர்ப் பரிமாற்றம் மிளகாயோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். தக்காளி என்பது பழைய தமிழில் வேலியோரத்தில் தோலுறைக்குள் காய்க்கும் சிறு பழத்தின் பெயர். அமெரிக்கத் தக்காளி வந்தபோது அது சீமைத்தக்காளி. இன்று சீமையும் போய்விட்டது, அந்தச் சிறு பழத்தையும் யாரும் தேடுவதில்லை. முந்திரி என்பது திராட்சை. யாழ்ப்பாணத்தில் இன்றும் முந்திரிகை என்றால் திராட்சைதான். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் பிரேசிலிலிருந்து வந்த கொட்டைக்குப் போய், திராட்சையைக் கொடிமுந்திரி என்று பிரித்துச் சொல்ல வேண்டிவந்தது. அப்புறம் அதுவும் வழக்கில் மங்கியது.

எது எப்போது வந்தது

மிளகு எங்கே தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று பார்த்தால், பழைமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சமையலறைகளில்தான். சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்க்க மாட்டார்கள். காரத்துக்கு மிளகு மட்டும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்கும். அனுமாருக்குச் சாத்தும் வடைமாலையில் மிளகு. வெண்பொங்கலில் பல்லில் கடிபடுவதும் மிளகுதான். மிளகாயைச் சேர்க்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒருவர் உட்கார்ந்து விதி எழுதியிருக்க வேண்டியதில்லை. மெனு முடிவான பிறகு வந்தவருக்கு அதில் இலை போடவில்லை, அவ்வளவுதான்.

பேச்சிலும் இந்த அடுக்கு தெரிகிறது. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம் என்பது எவ்வளவு பழசாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவன் தலையில் மிளகாய் அரைப்பது 500 வருடத்துக்கு உட்பட்ட கலை. அதற்கு முன்பும் தமிழ்நாட்டில் ஏமாற்றியிருப்பார்கள். தலையில் வேறெதையோ அரைத்திருக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருக்கிறது. குடைமிளகாயில் காப்சைசின் ஏறக்குறைய கிடையாது; துளியும் உறைக்காத ஒரு காய்க்குள் மிளகு என்ற பெயர் மட்டும் இருக்கிறது. ஹோட்டல் மெனுவிலோ மிளகுக் கோழியும் மிளகாய்க் கோழியும் காணாமல் போய், பெப்பர் சிக்கன், சில்லி சிக்கன் என்று ஆகிவிட்டன. முன்னது திப்பிலியின் பெயர், ரோம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. பின்னது அஸ்டெக்குகளின் சொல். கீழே மட்டன் வரிசையில் தமிழிலேயே மிளகுக்கறி என்று போட்டிருக்கும். முசிறித் துறையில் மூட்டை தூக்கியவர் ஒருவர் எழுந்து வந்து அதை வாசித்தால், மிளகு மிளகு என்று ஒன்றையே ஏன் இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள் என்று சர்வரைக் கேட்பார்.